ஆர்டிஇ சீட்டில் படிக்கும் பிள்ளையிடம் பணம் கேட்கலாமா?

கேள்வி:

வணக்கம் மேடம். என் மகன் எங்கள் ஊரில் உள்ள ஒரு மெட்ரிக் பள்ளியில் ஆர்டிஇ சீட்டில், அதாவது கல்வி உரிமைச் சட்டப்படி கிடைக்கும் இலவச இடத்தில், எல்கேஜி சேர்ந்தான். இப்போது மூன்றாம் வகுப்பு. நான் தையல் வேலை செய்கிறேன், வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். ஆரம்பத்தில் புத்தகம், யூனிஃபார்முக்கு மட்டும் பணம் வாங்கினார்கள். போன வருஷத்திலிருந்து ஸ்மார்ட் கிளாஸ், ஆண்டு விழா, டெர்ம் ஃபீஸ் என்று கேட்கிறார்கள். ஏன் என்று கேட்டால், "கவர்மெண்ட் எங்களுக்குப் பணம் தரவில்லை, வந்ததும் திருப்பித் தருகிறோம்" என்கிறார்கள். ரசீது கிடையாது, துண்டுச் சீட்டில் எழுதித் தருகிறார்கள். இந்த டெர்ம் எங்களால் கட்ட முடியவில்லை. பரீட்சை அன்று இவனையும் இன்னும் நாலு பிள்ளைகளையும் வகுப்புக்கு வெளியே நிற்க வைத்துவிட்டார்கள். "நான் கவர்மெண்ட் ஸ்கூலுக்கே போறேன்மா" என்கிறான். இலவசக் கல்வி அடிப்படை உரிமை என்கிறார்களே, அது எங்களுக்கு இல்லையா? புகார் கொடுத்தால் பிள்ளையைப் பழிவாங்க மாட்டார்களா? டிசி கேட்டால் பாக்கியைக் கட்டச் சொல்வார்களோ என்றும் பயமாக இருக்கிறது. மகளுக்கு அடுத்த வருஷம் எல்கேஜி. அவளையும் ஆர்டிஇயில் போடலாமா?

ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பையனைப் பார்ப்போம், சட்டம் அப்புறம். தன்னால்தான் அம்மா அப்பாவுக்குக் கஷ்டம் என்று அவன் நினைத்துக்கொண்டிருப்பான். அரசுப் பள்ளிக்குப் போகிறேன் என்று அவன் சொல்வதில் அந்தப் பாரம் தெரிகிறது. நீங்களும் அவன் அப்பாவும் சேர்ந்து உட்கார்ந்து, "இது உன் தப்பும் இல்லை, எங்கள் தப்பும் இல்லை, பள்ளிக்கூடத்துக்கும் அரசாங்கத்துக்கும் நடுவில் இருக்கிற பணக் கணக்கு" என்று அவனிடம் சொல்லிவிடுங்கள். அந்த வயதுப் பிள்ளைக்கு அது புரியும். உண்மையும் அதுதான்.

அவனை வெளியே நிற்க வைத்தது சட்டம் நேரடியாகத் தடுத்த செயல். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு அடிப்பதை மட்டும் தடை செய்யவில்லை. பிள்ளைக்கு மன உளைச்சல் கொடுப்பதையும் சேர்த்தே தடை செய்கிறது. கட்டணம் கட்டாத பிள்ளைகளைத் தனியாகப் பிரித்து, மற்ற பிள்ளைகள் பார்க்கும்படி நிறுத்துவது மன உளைச்சல் இல்லையென்றால் வேறு எது? உங்கள் புகாரில் பணத்தைவிட இதுதான் முதல் வரியாக இருக்க வேண்டும். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அடிப்படை உரிமை எங்களுக்கு இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது. அரசியலமைப்பின் 21ஏ பிரிவு, ஆறு வயது முதல் பதினான்கு வயது வரை உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் அரசு இலவசமாகவும் கட்டாயமாகவும் கல்வி தர வேண்டும் என்கிறது. அதை நடைமுறைப்படுத்த வந்ததுதான் 2009ஆம் ஆண்டுச் சட்டம். நாம் ஆர்டிஇ என்று சொல்வது இதைத்தான். அதன் 3ஆவது பிரிவில், பிள்ளை எட்டாம் வகுப்பு வரை படித்து முடிப்பதற்குத் தடையாக இருக்கக்கூடிய எந்தக் கட்டணத்தையும் எந்தச் செலவையும் பிள்ளையிடம் கேட்கக் கூடாது என்று இருக்கிறது. 'டியூஷன் ஃபீஸ்' என்று சுருக்காமல், கட்டணம், செலவு என்று அகலமாகவே எழுதியிருக்கிறார்கள்.

தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடத்தை, அக்கம்பக்கத்தில் வசிக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்ட, நலிவடைந்த பிரிவுப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பது 12ஆவது பிரிவு. சேர்ப்பதோடு கடமை முடிந்துவிடாது. எட்டாம் வகுப்பு முடியும் வரை இலவசமாகப் படிக்க வைக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. தனியார் பள்ளிகள் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயின. 2012 ஏப்ரலில் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. 2014இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு மட்டும் இந்தச் சட்டம் பொருந்தாது என்றது. அந்தத் தீர்ப்பு சரியா என்று 2025இல் வேறொரு அமர்வு சந்தேகம் எழுப்பி, தலைமை நீதிபதியின் பார்வைக்கு அனுப்பியிருக்கிறது. உங்கள் மகன் படிப்பது அப்படிப்பட்ட பள்ளி இல்லை. ஆர்டிஇ சீட் கொடுத்திருக்கிறார்கள் என்பதிலேயே அது தெரிகிறது.

இனி, "கவர்மெண்ட் பணம் தரவில்லை" என்ற பதிலுக்கு வருவோம். இது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆர்டிஇ பிள்ளைக்கான செலவை அரசு பள்ளிக்குத் திருப்பித் தர வேண்டும். அரசு ஒரு பிள்ளைக்குச் செய்யும் செலவு, பள்ளி வாங்கும் உண்மையான கட்டணம், இரண்டில் எது குறைவோ அது. தமிழ்நாட்டில் இந்தப் பணம் ஒரு வருஷம், இரண்டு வருஷம் தாமதமாக வருவது சாதாரணமாகிவிட்டது. உங்கள் ஊர் மாதிரி ஊர்களில் இருக்கும் சின்ன மெட்ரிக் பள்ளிகளுக்குக் கட்டணத்தை விட்டால் வேறு வருமானம் கிடையாது. வகுப்பில் கால்வாசிப் பிள்ளைகளுக்கான பணம் வராமல் நின்றால், ஆசிரியர் சம்பளத்தில்தான் முதலில் கை வைப்பார்கள். அந்த ஆசிரியர்களும் நம்மைப் போன்றவர்கள்தான். பள்ளித் தாளாளருக்கு நெருக்கடி இருக்கிறது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்தப் பணத்துக்காக அவர் தட்ட வேண்டிய கதவு உங்களுடையது இல்லை. கடன்பட்டவர் அரசு, கடன் கொடுத்தவர் பள்ளி. நடுவில் உங்கள் மகன் ஜாமீன் கையெழுத்து எதுவும் போடவில்லை. அரசு தரவில்லையென்றால் பள்ளி அரசுக்கு மனு கொடுக்கலாம், நீதிமன்றம் போகலாம், சங்கம் மூலமாகப் போராடலாம். அதையெல்லாம் செய்யாமல், கேட்டால் கொடுக்க வேண்டிய நிலையில் இருக்கும் தாயிடம் வாங்குவது அவர்களுக்குச் சுலபமாக இருக்கிறது. வந்ததும் திருப்பித் தருகிறோம் என்ற வாக்குறுதியையும் நம்ப வேண்டாம். ரசீது இல்லாமல் வாங்கிய பணத்தை எந்தக் கணக்கை வைத்துத் திருப்பித் தருவார்கள்?

அரசுகளின் பக்கம் நடந்ததையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் உங்கள் வீட்டுக் கஷ்டத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. இந்தச் சட்டத்தின் 7ஆவது பிரிவு, செலவு மத்திய அரசு, மாநில அரசு இரண்டுக்கும் சேர்ந்த பொறுப்பு என்கிறது. நடைமுறையில் மத்திய அரசின் பங்கு சமக்ர சிக்ஷா என்ற திட்டத்தின் வழியாக வருகிறது. மத்திய அரசு 60 சதவீதம், மாநில அரசு 40 சதவீதம் என்பது கணக்கு. தேசியக் கல்விக் கொள்கையோடு சேர்ந்த பிஎம்ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்பதற்காக 2024-25க்கான பங்கு, 2,152 கோடி ரூபாய், நிறுத்தி வைக்கப்பட்டது. விளைவாக 2025-26இல் ஆர்டிஇ சேர்க்கையே கோடையில் தொடங்கவில்லை. அக்டோபரில்தான் தொடங்கியது. அதற்குள் எத்தனையோ பெற்றோர் கடன் வாங்கிக் கட்டணம் கட்டிப் பிள்ளைகளைச் சேர்த்துவிட்டார்கள். சீட்டுக்காகக் காத்திருந்த இன்னும் சிலர் அந்த வருஷத்தையே இழந்தார்கள்.

இது 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மத்திய அரசிடமிருந்து பணம் வரவில்லை என்பதைக் காட்டி மாநில அரசு தன் கடமையிலிருந்து நழுவ முடியாது, பள்ளிகளுக்குத் தர வேண்டியதைத் தந்தே ஆக வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. மத்திய அரசிடமும், கல்வி உரிமைக்கான பணத்தை வேறு திட்டங்களோடு முடிச்சுப் போடாமல் தனியாகப் பார்க்கும்படி சொன்னது. கல்விக் கொள்கையைப் பற்றி எனக்குக் கருத்து இருக்கிறது, உங்களுக்கும் இருக்கலாம். ஆனால் இரண்டு அரசுகளுக்கு நடுவில் கொள்கைச் சண்டை எதுவானாலும், அடிப்படை உரிமைக்கான பணத்தை அதில் பணயமாக வைக்கக் கூடாது. அதை யார் செய்தாலும் தவறுதான்.

இந்த இழுபறி புதிதும் இல்லை. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கல்வி பற்றிய பிரிவு விவாதத்துக்கு வந்தபோது, வரைவில் ஒவ்வொரு குடிமகனுக்கும் இலவச ஆரம்பக் கல்வி பெற உரிமை உண்டு என்ற பொருளில் சொற்கள் இருந்தன. அவற்றை எடுத்துவிட்டார்கள். உரிமையாக இருந்தது, அரசு முயற்சி செய்ய வேண்டிய வழிகாட்டு நெறியாகக் குறைந்தது. ஆரம்பக் கல்வியோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றும் ஓர் உறுப்பினர் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. பதினான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது என்று இன்னொரு பிரிவில் சொல்லிவிட்டோம், வேலைக்குப் போகாத பிள்ளை அந்த வயது வரை ஏதாவது ஒரு கல்வி நிலையத்தில் இருந்தாக வேண்டும் என்பது அவர் வாதம். பதினான்கு என்ற வயது இப்படித்தான் நின்றது. பத்து ஆண்டுக்குள் செய்து முடிப்போம் என்று அரசியலமைப்பின் 45ஆவது பிரிவில் எழுதினார்கள். கெடு 1960இல் முடிந்தது. 1993இல் உச்ச நீதிமன்றம் உன்னிகிருஷ்ணன் வழக்கில், பதினான்கு வயது வரை கல்வி என்பது வாழும் உரிமையின் பகுதி என்று சொன்ன பிறகுதான் நாடாளுமன்றம் அசைந்தது. 2002இல் 21ஏ பிரிவைச் சேர்த்த 86ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வந்தது. அதுவும் சட்டமும் சேர்ந்து நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1 அன்று. அறுபது வருஷத் தாமதத்துக்குப் பிறகு வந்த உரிமை இது. அதை உங்கள் மகன் விஷயத்தில் ஒரு துண்டுச் சீட்டில் முடித்துவிட நான் சம்மதிக்க மாட்டேன்.

சரி, எதற்குப் பணம் கேட்கலாம், எதற்குக் கூடாது?

டெர்ம் ஃபீஸ் கேட்கவே கூடாது. அரசு திருப்பித் தருவது அதற்குத்தான். அதை உங்களிடமும் வாங்கினால் ஒரே கட்டணத்தை இரண்டு பேரிடம் வாங்குவதாகும். ஸ்மார்ட் கிளாஸ், ஆண்டு விழா என்ற பெயர்களும் கட்டணம்தான். பெயர் மாறியதால் தன்மை மாறாது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி, தனியார் பள்ளி எவ்வளவு வாங்கலாம் என்பதைக் கட்டண நிர்ணயக் குழுதான் முடிவு செய்கிறது. அதற்கு மேல் யாரிடம் வாங்கினாலும், முழுக் கட்டணம் கட்டும் பிள்ளையிடமே வாங்கினாலும், மீறல்.

புத்தகம், நோட்டு, சீருடை விஷயத்தில்தான் பல வருஷமாகக் குழப்பம். நாங்கள் திருப்பித் தருவது படிப்புக் கட்டணத்தை மட்டும்தான் என்று அரசுத் தரப்பு சொல்லும். அப்படியானால் மீதியைப் பெற்றோர் தர வேண்டும் என்று பள்ளி சொல்லும். இதனால் சீட் கிடைத்தும் சேர்க்க முடியாமல் திரும்பிய குடும்பங்கள் உண்டு. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் இப்படி ஒரு பிள்ளையின் வழக்கில், இலவசக் கல்வி என்றால் புத்தகமும் சீருடையும் மற்றப் படிப்புப் பொருட்களும் அதில் அடக்கம், அந்தச் செலவை ஏற்க வேண்டியது அரசு, பிள்ளையிடம் கேட்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. எனவே நீங்கள் இதுவரை கட்டியதற்கும் கணக்குக் கேட்க இடம் இருக்கிறது. வேன் மட்டும் வேறு. அதை வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, ஏறினால் பணம் கொடுக்க வேண்டியிருக்கும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. முதல் வேலை, வெளியே நிறுத்தப்பட்ட அந்த நாலு பிள்ளைகளின் வீடுகளுக்குப் போவது. ஒரு தாய் தனியாகப் போனால் "உங்களுக்கு மட்டும்தான் பிரச்சினை" என்பார்கள். ஐந்து குடும்பம் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் அந்தப் பேச்சு வராது. பழிவாங்குவார்களோ என்ற உங்கள் பயத்துக்கும் பெரிய மருந்து இதுதான். பயம் நியாயமானது, நான் அதை ஒதுக்கித் தள்ளவில்லை. சட்டப்படி எட்டாம் வகுப்பு முடியும் வரை அவனைப் பள்ளியைவிட்டு நீக்க முடியாது, 16ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது. ஆனால் முகத்தைச் சுளிப்பது, விழாவில் சேர்க்காமல் விடுவது போன்ற சின்னச் சின்னக் காரியங்களைப் பிரிவு எண் சொல்லித் தடுக்க முடியாது. பெற்றோர் கூட்டமாக இருக்கிறார்கள், எல்லாவற்றையும் எழுதி வைக்கிறார்கள் என்று தெரிந்தால் அவை குறையும். என்னிடம் வரும் வழக்குகளில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அதிகம் கஷ்டப்படுவது புகார் கொடுத்த குடும்பம் இல்லை, கொடுப்பதாகச் சொல்லிவிட்டுக் கொடுக்காமல் விட்ட குடும்பம்தான்.

அடுத்து, பணம் கட்டிய தேதி, தொகை, வாங்கியவர் யார் என்று நினைவில் இருப்பதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். துண்டுச் சீட்டுகளைப் போட்டோ எடுத்து வையுங்கள். ஜிபேயில் கட்டியிருந்தால் அதுவே ஆதாரம். பள்ளி வாட்ஸ்அப் குழுவில் கட்டணம் கேட்டு வந்த செய்தி இருந்தால் அழிக்க வேண்டாம்.

பிறகு தலைமை ஆசிரியருக்கு ஒரு கடிதம். சண்டைத் தொனி வேண்டாம், வேண்டுதல் தொனியும் வேண்டாம். இவ்வளவு போதும்:

"எங்கள் பிள்ளைகள் கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 12இன்படி உங்கள் பள்ளியில் படிக்கிறார்கள். இன்ன தேதியில் பரீட்சையின்போது கட்டணம் கட்டாததைக் காரணம் காட்டி வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். இது பிரிவு 17க்கு எதிரானது. இனி இப்படி நடக்காது என்று எழுத்தில் தெரிவிக்கவும். அவர்கள் எழுத முடியாமல் போன தேர்வை வைக்கவும். இதுவரை எங்களிடம் வாங்கிய தொகைக்கு, எதற்காக என்ற விவரத்தோடு ரசீது தரவும். அரசிடமிருந்து வர வேண்டிய தொகையைப் பெறுவதற்கு எங்கள் கையெழுத்தோ ஆவணமோ தேவைப்பட்டால் தரத் தயாராக இருக்கிறோம்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பள்ளியின் கஷ்டம் உங்களுக்குப் புரிகிறது, ஆனால் வழி வேறு என்பதை அது சொல்லிவிடும். வெளியே நிறுத்தியதை முதலில் எழுதச் சொல்வதற்குக் காரணம், பணத் தகராறு என்றால் அலுவலகத்தில் "பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிடுவார்கள். பிள்ளையை வெளியே நிறுத்தினார்கள் என்று எழுத்தில் வந்தால் அதை ஓரம் கட்ட யாருக்கும் தைரியம் வராது.

ஒரு வாரத்தில் பதில் வரவில்லையென்றால், அந்தக் கடிதத்தின் நகலோடு தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் மனு கொடுங்கள். நேரில் கொடுத்தால் நகலில் சீல் வாங்குங்கள், இல்லையென்றால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலக மனுநாளிலும் ஒரு பிரதி கொடுக்கலாம். 32ஆவது பிரிவின்படி கொடுத்த புகாரை மூன்று மாதத்துக்குள் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். முடிவில் திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு உண்டு. கல்வித் துறையின் உதவி எண் 14417. பிள்ளையை மறுபடியும் வெளியே நிறுத்தினால் அன்றைக்கே குழந்தைகள் உதவி எண் 1098க்குக் கூப்பிடுங்கள்.

இன்னொரு வேலை, பலருக்குத் தோன்றாதது. முதன்மைக் கல்வி அலுவலகத்துக்கு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு மனு எழுதுங்கள். இந்தப் பள்ளியில் ஆர்டிஇயில் படிக்கும் என் மகனுக்காக ஒவ்வொரு கல்வியாண்டிலும் பள்ளி எவ்வளவு கேட்டது, அரசு எவ்வளவு கொடுத்தது, எந்தத் தேதியில் கொடுத்தது என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். முதல் வருஷங்களுக்கான பணம் ஏற்கெனவே வந்துவிட்டது என்று அதில் தெரிந்தால், 'வந்ததும் திருப்பித் தருகிறோம்' என்பதை நீங்களே அவர்களுக்கு நினைவுபடுத்தலாம். வரவில்லை என்று தெரிந்தால், அந்தப் பதிலே பள்ளிக்கும் உதவும், அரசிடம் கேட்க அவர்களுக்கு ஒரு ஆதாரம்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று யோசிக்க வேண்டாம். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். மனு எழுதிக் கொடுப்பதிலிருந்து உயர் நீதிமன்றம் வரை அவர்கள் மூலம் போகலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

டிசி பற்றிய பயத்தை விட்டுவிடுங்கள். அரசுப் பள்ளிக்கோ அரசு உதவி பெறும் பள்ளிக்கோ மாறும் பிள்ளைக்கு உடனே டிசி தர வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆவது பிரிவு சொல்கிறது. டிசி வரத் தாமதமானால்கூட அதைக் காரணம் காட்டி அரசுப் பள்ளி சேர்க்க மறுக்கக் கூடாது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், டிசி என்பது கட்டணப் பாக்கியை வசூலிக்கும் கருவி இல்லை, பாக்கி இருக்கிறது என்று அதில் எழுதவும் கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. பிள்ளையோடு நேராக அரசுப் பள்ளிக்குப் போனாலே சேர்த்துக்கொள்வார்கள்.

போகலாமா என்றால், அதை மட்டும் இப்போது, இந்தக் கோபத்தில் முடிவு செய்யாதீர்கள். விரட்டப்பட்டுப் போவது வேறு, பார்த்து விரும்பிப் போவது வேறு. ஒரு நாள் உங்கள் பக்கத்து அரசுப் பள்ளிக்குப் போய்ப் பாருங்கள். எத்தனை ஆசிரியர், எத்தனை வகுப்பு, கழிப்பறை எப்படி என்று பாருங்கள். ஆரம்ப வகுப்பில் முப்பது பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்பது சட்டம் சொல்லும் அளவு. ஆனால் மொத்தமே இரண்டு ஆசிரியர் ஐந்து வகுப்பையும் பார்க்கும் பள்ளிகள் இன்னும் நிறைய இருக்கின்றன. பல பெற்றோர் தனியாரைத் தேடி ஓடுவதற்குக் காரணம் அது. உங்கள் ஊர்ப் பள்ளி நன்றாக இருந்தால், காலை உணவு, மதிய உணவு, புத்தகம், சீருடை எல்லாம் யாரிடமும் கெஞ்சாமல் கிடைக்கும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பதும் சட்டம். நீங்களே அதில் உட்காரலாம். என் கருத்தைக் கேட்டால், 25 சதவீத இடம் இன்றைக்குத் தேவை, அதைக் காப்பாற்றப் போராடுவேன். ஆனாலும் 21ஏ கொடுத்த வாக்குறுதியைக் காப்பாற்ற வேண்டிய இடம் அரசுப் பள்ளிதான். குலுக்கலில் விழும் சீட்டை ஓர் உரிமையின் முழு வடிவம் என்று என்னால் சொல்ல முடியாது.

இன்னொரு கணக்கையும் இப்போதே மனதில் வையுங்கள். ஆர்டிஇ எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். ஒன்பதாம் வகுப்பில் அதே பள்ளி முழுக் கட்டணம் கேட்கலாம், அது சட்டப்படி தவறில்லை. பதினான்கு வயதில் நின்றுவிடும் இந்த உரிமையின் பெரிய ஓட்டை அது. நிறையக் குடும்பங்கள் அப்போதுதான் திணறுகின்றன. அந்த நேரத்தில் கடன் வாங்க வேண்டாம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால், எட்டாம் வகுப்பு வரை ஆர்டிஇயில் தனியார் பள்ளியில் படித்திருந்தாலும், மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்குத் தகுதி உண்டு. ஆர்டிஇ சேர்க்கை ஆணையின் நகலைப் பத்திரமாக வையுங்கள், அன்றைக்குக் கேட்பார்கள்.

மகளுக்கு விண்ணப்பம் போடுங்கள். அண்ணன் அதே பள்ளியில் படிக்கிறான் என்பதால் சீட் கிடைத்துவிடும் என்று இருக்க வேண்டாம், விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல்தான். வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் வேறு பள்ளிகளையும் பார்த்து வையுங்கள். அவை சிறுபான்மைப் பள்ளியா என்று முன்னாலேயே விசாரியுங்கள். மொழிச் சிறுபான்மை என்ற பெயரில் இருக்கும் பள்ளிகளும் உண்டு, அங்கே இந்த இடம் கிடையாது. நலிவடைந்த பிரிவு என்றால் ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, பட்டியல் வகுப்பினராக இருந்தால் சாதிச் சான்றிதழை வைத்து வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் போடலாம். கூடவே பிறப்புச் சான்றிதழ், முகவரிச் சான்று. அறிவிப்பு வந்த பிறகு இ-சேவை மையத்தில் கூட்டம் நெரியும், தாசில்தார் அலுவலகத்தில் இழுக்கும். அதனால் இந்த மாதமே சான்றிதழ்களுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். குலுக்கலில் விழவில்லையென்றால் அவளை அரசுப் பள்ளியிலேயே சேருங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் கல்லூரி போகும்போது புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும்.

தலைமை ஆசிரியருக்கான கடிதத்தை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். தவறிய பரீட்சையை மறுபடி வைக்கச் சொல்லிக் கேட்பதற்கு, டெர்ம் முடிந்து ரிப்போர்ட் கார்டு வருவதற்கு முன்பு கடிதம் அவர்கள் கையில் இருந்தாக வேண்டும்.